கருவியே இல்லாத கலைக்கு ஒரு கண்காட்சி

நூலகத்தார் கூடத்தில் பாதியையும் இரண்டு கண்ணாடிப் பேழைகளையும் எங்களுக்கு ஒதுக்கிக் கொடுத்தார்கள். முதல் வாரம் முழுக்க அந்தப் பேழைகள்தான் என் தூக்கத்தைக் கெடுத்தன. பசிபிக் தீவுகளின் பாலினேசியக் கடலோடிகளைப் பற்றிய கண்காட்சியில் பேழைக்குள் எதை வைப்பது? ஐரோப்பிய மாலுமியைப் பற்றியதென்றால் திசைகாட்டி, செக்ஸ்டன்ட், கடிகாரம், வரைபடம் என்று அடுக்கிவிடலாம். ஹவாயிலிருந்து தாஹிட்டிக்கு ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் கடல். அதைக் கடந்தவர் கையில் இவற்றில் ஒன்றுகூட இருந்ததில்லை. கற்றதெல்லாம் தலையிலும் உடம்பிலும் இருந்தது. பேழைக்குள் அடைக்க முடியாத கலை அது.

ஆக்லாந்தின் தென்பகுதியில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். பள்ளி ஒன்றின் மரவேலைக் கூடத்தில் வேலை. அக்கம்பக்கம் எல்லாம் சமோவா, டோங்கா, குக் தீவுகளிலிருந்து வந்த குடும்பங்கள். ஜூன் மாதத்து மாத்தாரிகிப் பண்டிகையை ஒட்டி நூலகத்தில் ஏதாவது செய்யலாம் என்று நான்கு பேர் கூடினோம். நம் கார்த்திகை விண்மீன் கூட்டத்துக்குத்தான் இந்நாட்டுப் பூர்வகுடிகளான மவோரிகளின் மொழியில் மாத்தாரிகி என்று பெயர். விடியலுக்கு முன் அது மீண்டும் தோன்றுவதே இங்கே புத்தாண்டு. 2022 முதல் நாடு முழுக்க அரசு விடுமுறையும் உண்டு. எங்களிடம் ஆறு வாரம் இருந்தது. பணம் கொஞ்சம்தான்.

எதைச் சொல்வது என்பதில் குழுவுக்குள் வாக்குவாதம் நடந்தது. தீவுகளில் மக்கள் குடியேறிய வரலாற்றை ஆண்டுவாரியாகச் சுவரில் ஒட்டலாம் என்றார் ஒருவர். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. இந்த மக்கள் திசை அறிந்து போனார்கள் என்பதையே உலகம் நெடுநாள் நம்பவில்லை. 1956இல் ஆண்ட்ரூ ஷார்ப் என்ற வரலாற்றாசிரியர், காற்றும் நீரோட்டமும் அடித்துக்கொண்டு போய்ச் சேர்த்ததால்தான் தொலைதூரத் தீவுகளில் ஆள் குடியேறியது என்று வாதாடினார். 1973இல் வெளிவந்த ஒரு கணினி ஆய்வு அந்த வாதத்தை உடைத்தது. வெறுமனே மிதந்து ஹவாய்க்கோ நியூசிலாந்துக்கோ ஈஸ்டர் தீவுக்கோ போய்ச் சேர வாய்ப்பு இல்லை என்று கணக்கு காட்டியது. 1976இல் அதைக் கடலிலேயே காட்டினார்கள். ஹோக்கூலேஆ என்ற இரட்டைத் தோணி மே 1 அன்று ஹவாயின் மாவி தீவிலிருந்து புறப்பட்டு ஜூன் 4 அன்று தாஹிட்டியின் பப்பேட்டே துறைமுகத்தை அடைந்தது. வழிகாட்டியவர் மாவ் பியாய்லுக். கருவி எதையும் அவர் தொடவில்லை. கரையில் கூடி நின்ற கூட்டம் 17,000 பேர் என்கிறார்கள்.

ஆகவே பார்க்க வருகிறவர் எதையாவது செய்து பார்க்க வேண்டும், படித்துவிட்டுப் போகக்கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றேன். அதன்படிதான் எல்லாம் அமைந்தது.

முதல் வேலை தரையில் நட்சத்திர வட்டம். ஹவாயின் நைநோவா தாம்ப்சன், மாவிடமும் வானத்திடமும் கற்றதைக் கொண்டு அமைத்த வட்டம் இது. 1980இல் தாஹிட்டிக்குப் போய்த் திரும்பிய பயணத்தில் அவரே வழிகாட்டினார். பல நூற்றாண்டு இடைவெளிக்குப் பிறகு அப்படிச் செய்த முதல் ஹவாய்க்காரர் அவர். அடிவானத்தை 32 வீடுகளாகப் பிரிக்கிறார். ஒரு வீட்டுக்கு 11.25 டிகிரி. கிழக்கிலிருந்து வடக்கு நோக்கிப் போனால் லா, ஆய்னா, நோயோ, மானு, நாலானி, நா லேயோ, ஹாக்கா என்று ஏழு வீடுகள். நான்கு கால்வட்டத்திலும் இதே ஏழு பெயர்கள்தான் திரும்ப வரும். அதில்தான் சூட்சுமம் இருக்கிறது. வடகிழக்கின் நோயோவில் உதிக்கும் விண்மீன் வடமேற்கின் நோயோவில் மறையும். வடகிழக்கு நோயோவிலிருந்து வரும் பெருஅலை தோணிக்கு அடியில் புகுந்து தென்மேற்கு நோயோ வழியாக வெளியேறும். ஒரு பெயரை நினைவில் வைத்தால் நான்கு திசை கைக்கு வந்துவிடும்.

வட்டத்தின் குறுக்களவு நான்கு மீட்டர். 32 பாகம் போட இரண்டு வழி உண்டு. ஒரு பாகத்தின் நாண் 39.2 செ.மீ.; கவராயத்தை அந்த அளவில் விரித்து வட்டத்தைச் சுற்றிக் குறித்துக்கொண்டே போகலாம். அப்படிச் செய்யாதீர்கள். ஒவ்வொரு குறியிலும் இரண்டு மில்லிமீட்டர் பிசகினால் கடைசிக் குறி ஆறு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி நிற்கும். ஆணியும் நூலும் சாக்கட்டியும் வைத்துக்கொண்டு வட்டத்தை நான்காக்கி, நான்கை எட்டாக்கி, எட்டைப் பதினாறாக்கி என்று பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போனால் பிழை கூடிக்கொண்டு போகாது. அரை நாளில் முடிந்தது. அன்று மாலையே கோடுகளின் மேல் வெள்ளை நாடா ஒட்டினோம். அங்கேதான் அவசரப்பட்டுவிட்டேன்.

வடக்கை நான் கைப்பேசியில் பார்த்துத்தான் குறித்திருந்தேன். இரண்டு நாள் கழித்து, குழுவில் இருந்த ஓய்வுபெற்ற நில அளவையாளர் மதியம் பன்னிரண்டே கால் வாக்கில் கூடத்துக்கு வந்தார். இந்த நாட்டில் நண்பகல் வெயில் வடக்குச் சன்னல் வழியாக வரும். சன்னல் சட்டத்தின் நிழல் தெற்கு நோக்கி விழ வேண்டும். அது என் தெற்குக் கோட்டை விட்டுக் கிழக்குப் பக்கமாகக் கிட்டத்தட்ட இரண்டு வீடு தள்ளி விழுந்திருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. நிழலின் மேல் தன் கைத்தடியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

ஆக்லாந்தில் காந்த வடக்கு மெய்யான வடக்கிலிருந்து ஏறத்தாழ 20 டிகிரி கிழக்கே விலகி நிற்கிறது. என் கைப்பேசி காந்த வடக்கைத்தான் காட்டியிருக்கிறது. கருவியில்லாத கலைக்கு வட்டம் போட வந்து கருவியை நம்பியதால் வந்த பிழை. 32 கோட்டையும் உரித்தோம்.

மறுமுறை வெயிலைக் கொண்டே செய்தோம். நம் ஸ்தபதிகள் சங்கு என்னும் கோலை நட்டுத் திசை காணும் அதே முறை. வண்டி நிறுத்தும் தரையில் ரசமட்டம் வைத்துப் பார்த்து ஒரு பலகையைப் படுக்க வைத்தோம். நடுவே அரை மீட்டர் உயரக் கோல். அது நேராக நிற்கிறதா என்று தூக்குக் குண்டு பிடித்துப் பார்த்தோம். கோலை மையமாக வைத்து ஒரு வட்டம். காலையில் நிழலின் நுனி வட்டத்தைத் தொட்டு உள்ளே நுழையும் இடத்தில் ஒரு புள்ளி, பிற்பகலில் வட்டத்தை விட்டு வெளியேறும் இடத்தில் ஒரு புள்ளி. இரண்டையும் இணைத்தால் கிழக்கு மேற்கு. நடுவில் மேகம் வந்து இரண்டு முறை கெடுத்தது. மூன்றாம் நாள் நல்ல வெயில். வெளியே கிடைத்த கோட்டுக்கு இணையாக நூலை இழுத்து, வாசல் வழியாகக் கூடத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தோம். பிற்பாடு நண்பகலில் சன்னல் நிழல் தெற்குக் கோட்டின் மேல் வந்து படுத்தபோது நானும் அந்தப் பெரியவரும் பேசாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

வட்டத்தின் நடுவே விரிக்கத் தாழம்பாய் தேடி ஓடாராவின் சனிக்கிழமைச் சந்தைக்குப் போனேன். நியூசிலாந்தின் குளிருக்குத் தாழை வளராது. தீவுகளிலிருந்துதான் பாய் வர வேண்டும். அங்கே கடை போட்டிருந்த, ஐட்டுடாக்கித் தீவில் பிறந்த பாட்டி ஒருவர், எதற்கு என்று கேட்டார். சொன்னேன். விற்பதற்கு வைத்திருந்ததை எடுத்து வைத்துவிட்டு, வீட்டில் இருக்கிற பழைய பாயை இரவலாகத் தருகிறேன் என்றார். அதன்பின் வாரத்தில் மூன்று நாள் அவர் கூடத்துக்கு வந்துவிட்டார்.

அடுத்தது தென்சிலுவைப் பலகை. இந்தக் கண்காட்சியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். வடக்கே போகப் போகத் தென்சிலுவை அடிவானத்தை நோக்கித் தாழ்ந்துகொண்டே வரும். சிலுவை நிமிர்ந்து நிற்கும் நேரத்தில் அதன் அடி மீனுக்கும் முடி மீனுக்கும் இடையே 6 டிகிரி. அடி மீனுக்கும் கடலுக்கும் இடையிலும் அதே 6 டிகிரி இருந்தால் நீங்கள் ஹவாயின் அட்சரேகையில் இருக்கிறீர்கள் என்று பொருள். அங்கிருந்து கிழக்கிலோ மேற்கிலோதான் தீவு. என்ன எளிமை! படித்தபோது புரிந்தது, செய்து பார்த்தபோதுதான் உறைத்தது.

ஒரு டிகிரிக்கு 2 செ.மீ. என்று வைத்துக்கொண்டேன். கறுப்புச் சாயம் அடித்த ஒட்டுப்பலகை, அடியில் நீலப் பட்டை கடல். நடுவே செங்குத்தாக ஒரு பள்ளம் செதுக்கி, அதில் சிலுவை வரைந்த சட்டம் ஏறி இறங்கும்படி செய்தேன். அடி மீன் ஆக்லாந்தில் 128 செ.மீ. உயரத்தில் நிற்கும், தாஹிட்டியில் 89, நிலநடுக்கோட்டில் 54, ஹவாயில் 12. பக்கத்தில் ஊர்ப்பெயர்கள். சட்டத்தை இறக்கிக்கொண்டே வரும் சிறுவர்கள் கடைசியில் விரல்களால் இரண்டு இடைவெளியையும் அளந்து, சமம் என்று கத்துவார்கள். பள்ளத்தின் உட்பக்கத்தை உப்புத்தாள் போட்டு நன்றாகத் தேய்த்து மெழுகு தடவ வேண்டும்; முதலில் தடவாததால் சட்டம் நடுவழியில் சிக்கிக்கொண்டது.

இதே சுவரில் தலைக்கு நேர் மேலே வரும் மீன்களையும் எழுதினோம். ஹோக்கூலேஆ என்றால் மகிழ்ச்சியின் மீன் என்று பொருள். அது நம் சுவாதி. ஹவாயின் உச்சி வழியாகப் போகும் மீன் என்பதால்தான் தோணிக்கு அந்தப் பெயர். தாஹிட்டியின் உச்சிக்கு அருகில் போவது சிரியஸ்.

தோணி மாதிரிக்கு மூன்று வாரம் பிடித்தது. ஹோக்கூலேஆவின் நீளம் 62 அடி. இருபதில் ஒரு பங்காக்கினால் 95 செ.மீ. இரண்டு தோணிகள், மேலே குறுக்கு விட்டங்கள், தளம், நண்டுக்கொடுக்கு வடிவப் பாய். ஆணி கிடையாது, எல்லாம் கட்டு. ஹோக்கூலேஆவிலேயே காலத்தை ஒட்டிச் செயற்கைக் கயிறுதான் போட்டிருக்கிறார்கள். என் மாதிரிக்குத் தேங்காய் நார்தான் வேண்டும் என்று எனக்கு ஆசை. தோட்டச் சாமான் கடையில் வாங்கிய கயிற்றுச்சுருள் முரட்டுத்தனமாக இருந்தது. வழுக்கியது, தூசி கொட்டியது. ஊறவைத்துக் கட்டினேன், இறுகப் பிடித்த மாதிரி இருந்தது. ஒரு வாரத்தில் கூடத்துச் சூட்டில் காய்ந்து, விட்டத்தைத் தொட்டால் ஆடியது.

பாட்டி அதை விரலால் ஆட்டிப் பார்த்துவிட்டு, "இது திரித்த கயிறு. உனக்குப் பின்னிய கயிறு வேண்டும்" என்றார். தான் வைத்திருந்த நாரை எடுத்து, தொடையின் மேல் உள்ளங்கையால் உருட்டி, மெல்லிய புரியாக்கினார். அப்படி மூன்று புரி செய்து, தலைமுடி பின்னுவதுபோலப் பின்னினார். பின்னிய கயிறு தட்டையாக இருக்கிறது. மரத்தின் மேல் உருளாமல் படிந்து உட்காருகிறது. பிடிப்பின் இரகசியம் அங்கே இருக்கிறது. நான் இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டேன். விட்டத்தையும் தோணியையும் சேர்த்துச் சுற்றிய பிறகு, அந்தச் சுற்றுகளின் இடுப்பை நெருக்கிக் குறுக்கே மூன்று சுற்று. ஊரில் சாரம் கட்டுகிறவர்கள் கடைசியில் போடுவார்களே, அந்த நெருக்குச் சுற்று. அதன்பின் மாதிரியைத் தூக்கிக் குலுக்கியும் ஒன்றும் அசையவில்லை.

தோணிக்கு அருகில் வைத்த குறிப்பை நானே எழுதினேன். இங்கே இரட்டைத் தோணியைப் பார்த்ததும் எல்லோரும் கேட்டமரான் என்பார்கள். சொல் தமிழிலிருந்து போனது. பொருள் பசிபிக்கைச் சேர்ந்தது. நம் கட்டுமரம் கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய தெப்பம், அதில் இரட்டை உடல் கிடையாது. இதற்கு இங்குள்ளவர்கள் சொல்லும் பெயர்கள் வேறு: மவோரியில் வாக்கா ஹொவுருவா, ஹவாயில் வஅ கௌலுவா. குறிப்பில் இந்தப் பெயர்களைப் பெரிய எழுத்திலும் கேட்டமரானைச் சிறிய எழுத்திலும் போட்டோம்.

தமிழ் நண்பர்கள் சிலர், தமிழ் மணியின் படத்தையும் வைக்கலாமே என்று வற்புறுத்தினார்கள். 1830களில் வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் மவோரிகளிடம் சமையல் பாத்திரமாகப் புழங்குவதைக் கண்டெடுத்த வெண்கல மணி அது. இப்போது வெலிங்டனில் டே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முகைதீன் பக்சின் கப்பல் மணி என்று தமிழில் பொறித்திருக்கிறது. எனக்கும் அதைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு நிறையும். ஆனால் அது எப்படி இங்கே வந்தது என்பதற்குச் சான்று இல்லை. பாலினேசியர்களின் திறமையை உலகம் இவ்வளவு காலம் மறுத்துவந்த கதையைச் சொல்லும் இடத்தில், நம் மணியை வைத்து இன்னொரு குழப்பத்தைக் கிளப்ப எனக்கு மனம் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அலைப் பலகைக்கு வருகிறேன். விண்மீன் தெரியாத இரவில் வழிகாட்டுவது பெருஅலைதான். தொலைவில் வீசும் காற்று எழுப்பிய அலை, நாள்கணக்கில் ஒரே திசையிலிருந்து வரும். இரண்டு மூன்று அலைகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும்போது ஒவ்வொன்றையும் பிரித்து உணர வேண்டும். வழிகாட்டி தோணிக்குள் படுத்துக்கொண்டு அதை உடம்பால் கேட்பார். இதைச் சுவரில் எழுதி ஒட்டி என்ன பயன்?

2.4 மீட்டருக்கு 1.2 மீட்டர் தடித்த ஒட்டுப்பலகை. நடுவில் அடியில் பாதியாக வெட்டிய கெட்டி ரப்பர் பந்து. எந்தப் பக்கமும் சாயும். மூலைகளில் மரக்கட்டை வைத்து, நான்கு சென்டிமீட்டருக்கு மேல் சாயாமல் தடுத்தேன். தலைமாட்டில் ஒருவர் கயிற்றைப் பிடித்து மெதுவாக, எட்டு எண்ணுவதற்கு ஒருமுறை இழுப்பார். பக்கவாட்டில் இன்னொருவர் ஐந்து எண்ணுவதற்கு ஒருமுறை. படுத்திருப்பவர் கண்ணை மூடிக்கொண்டு, நீண்ட அலை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கையை நீட்டிக் காட்ட வேண்டும். முதல் நிமிடத்தில் யாருக்கும் பிடிபடாது, எல்லாம் ஒரே ஆட்டமாக இருக்கும். மூன்றாம் நிமிடம் முதுகு பிரித்துச் சொல்ல ஆரம்பிக்கும். எனக்கு நான்கு நிமிடம் ஆனது.

பாட்டி படுத்தார். நாங்கள் இழுக்கத் தொடங்கியதும் கண்ணை மூடி, சிறிது நேரத்தில் இரண்டு கைகளையும் இரண்டு பக்கம் நீட்டினார். இரண்டும் சரி. எழுந்து உட்கார்ந்து, "என் தாத்தா படகில் தூங்கமாட்டார். படுத்துத்தான் இருப்பார்" என்றார்.

பேழைகளின் கதையும் அவரால்தான் முடிந்தது. ஒன்றில் நாரின் படிகளை வைத்தோம்: மட்டை, ஊறிய நார், தொடையில் உருட்டிய புரி, பாதி பின்னிய கயிறு. மற்றதில் ஒருவர் இரவல் தந்த குச்சி வரைபடம். தென்னை மட்டையின் குச்சிகளை வளைத்துக் கட்டி, தீவுகளுக்குச் சோழி வைத்தது. தீவில் மோதி அலைகள் எப்படி வளைகின்றன என்று கற்பிக்கும் பாடப் பொருள். கடலுக்கு இதை எடுத்துப் போவதில்லை. கரையிலேயே மனப்பாடம் செய்துவிடுவார்கள். பாலினேசியக் குச்சி வரைபடம் என்று அட்டை அச்சடித்தும் ஆகிவிட்டது. பிறகுதான் விழித்தோம்: இது மார்ஷல் தீவுகளின் கலை. மார்ஷல் தீவுகள் இருப்பது பசிபிக்கின் இன்னொரு பகுதியான மைக்ரோனேசியாவில், பாலினேசியாவில் அல்ல.

எடுத்துவிடலாமா என்று யோசித்தோம். மாவ் பியாய்லுக்கும் மைக்ரோனேசியர்தான். கரோலைன் தீவுகளில் சதாவால் என்ற பொட்டுத் தீவைச் சேர்ந்தவர். ஹவாயில் மறைந்துபோயிருந்த கலையை அவர்தான் கொண்டுவந்து கொடுத்தார், தன் மக்களுக்கு வெளியே. அந்த உண்மையைச் சொல்ல இந்தப் பேழையைவிட நல்ல இடம் இல்லை. புது அட்டையில் அவர் பெயர் முதல் வரியில் வந்தது. மார்ஷல் தீவுகளின் பொருள் என்பது அடுத்த வரியில். பாயில் கல் வட்டம் வைத்து, நடுவே ஒரு சிறு தோணியை வைத்து அவர் பாடம் சொன்ன விதத்தைக் கீழே எழுதினோம்.

திறப்பு நாள் விடியலுக்கு முன்னே, உள்ளூர் மவோரிப் பெரியவர்கள் வந்து வேண்டுதல் ஓதிக் கூடத்தைத் திறந்துவைத்தார்கள். முடிந்ததும் எல்லோரும் வெளியே வந்தோம். ஆறு மணி, நல்ல குளிர், வடகிழக்கில் மேகம் இல்லை. வண்டி நிறுத்தும் இடத்தில் எங்கள் கிழக்கு மேற்குக் கோடு அப்படியே இருந்தது. நில அளவையாளர் அதன் மேல் ஒரு சிறிய வட்டம் வரைந்து வைத்திருந்தார். சமோவாச் சிறுமி ஒருத்தி மையத்தில் நூலைப் பிடித்தாள், நான் மறுமுனையை மாத்தாரிகியின் நேராகக் கொண்டுபோனேன். கூரைகளுக்கு மேல் கார்த்திகை சின்னக் கொத்தாக மினுங்கிக்கொண்டிருந்தது. நூல் நோயோ வீட்டில் விழுந்தது.

உள்ளே தரையில் நாங்கள் அதை ஆய்னா வீட்டில் ஒட்டியிருந்தோம். ஹவாய் வட்டத்தைப் பார்த்து அப்படியே எழுதியது. அங்கே அது ஆய்னாவில்தான் உதிக்கும். தெற்கே இவ்வளவு தூரம் வந்துவிட்டால் உதிக்கும் இடம் வடக்காக நகர்ந்து அடுத்த வீட்டுக்குப் போய்விடும். கணக்குப் போட்டிருந்தால் முன்பே தெரிந்திருக்கும். சிறுமி நூலை விடாமல், "அப்படியென்றால் உள்ளே இருப்பது தப்பு" என்றாள். ஆமாம் என்றேன். கூட்டம் உள்ளே வருவதற்குள் மாற்றிவிடலாம் என்று இருவரும் ஓடினோம். அவள் நட்சத்திர வில்லையை உரித்து ஒரு வீடு தள்ளி ஒட்டினாள். நான் அருகில் பென்சிலால் ஆக்லாந்து என்று எழுதினேன். ஆய்னாவில் இருந்த தடத்தின் மேல் ஹவாய் என்று எழுதினேன்.